வாசலில் ஒரு மாதம் நின்ற அறத்தேவி

ரோமானியத் தெய்வங்களின் அரசன் ஜூபிடரின் வாசலில் அறத்தேவி ஒரு மாதமாக நிற்கிறாள். கட்டியிருக்கும் துணி கிழிந்து தொங்குகிறது, உடம்பெல்லாம் சேறு. உள்ளே போகிற, வருகிற ஒவ்வொரு தெய்வத்திடமும் தன் முறையீட்டைக் கேட்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வருகிறது. பூசணிக்கொடி பருவம் தவறாமல் பூக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் சிறகுக்கு நிறம் சரியாக அமைய வேண்டும், அந்த வேலை இன்னும் முடியவில்லை என்கிறார்கள். பூசணி எப்போதோ பூத்துவிட்டது, பூச்சிகளும் அழகாகத்தான் பறக்கின்றன, என் முறை மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்கிறாள் அவள்.

கடைசியில் தெய்வங்களின் தூதன் மெர்க்குரி வெளியே வந்து, சரி, என்ன நடந்தது சொல் என்கிறான். அவள் சொல்கிறாள். நல்லோர் உலகில் பிளேட்டோ, சாக்ரடீஸ், சிசரோ, ஆர்க்கிமிடீஸ் போன்றவர்களோடு உலாவிக்கொண்டிருந்தேன். அதிர்ஷ்டதேவி ஆயுதம் தாங்கிய ஒரு கும்பலோடு வந்து வழிவிடச் சொன்னாள். பிளேட்டோ நியாயம் பேச ஆரம்பித்தார், 'போடா வாயாடி' என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுந்தார், கூட்டத்திலிருந்து தளபதி மார்க் ஆண்டனி பாய்ந்து வந்து முகத்தில் குத்துவிட்டான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். கையில் உளியும் தூரிகையும் வைத்திருப்பவர்கள் வாள்காரர்களை என்ன செய்ய முடியும்? என்னை மிதித்துச் சேற்றில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

மெர்க்குரி தலையைச் சொறிகிறான். பிறகு உண்மையைச் சொல்கிறான். நாங்கள் தெய்வங்களாக இருப்பதே அவள் தயவில்தான், ஜூபிடரும் அப்படித்தான். அவள் கோபம் ஆறும்வரை எங்கேயாவது ஒளிந்துகொள்.

அப்படியானால் நான் என்றைக்கும் ஒளிந்தேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் அறத்தேவி. கதை அவ்வளவுதான்.

இதை லத்தீனில் எழுதியவர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி. 1404இல் ஜெனோவாவில் பிறந்தவர். பிளாரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட குடும்பம், அதிலும் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அதிர்ஷ்டதேவியின் கும்பல் எப்படி மிதிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அவரைக் கட்டடக் கலைஞராகத்தான் உலகம் அறியும். பிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் பளிங்கு முகப்பு அவர் வரைந்தது. ஆனால் விருந்தில் ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவே படிக்கத் தோதான குட்டிக் கதைகளையும் அவர் எழுதி வைத்திருந்தார். அவற்றின் முகவுரை பாவொலோ தொஸ்கனெல்லிக்கு எழுதப்பட்டது. தொஸ்கனெல்லி மருத்துவம் படித்தவர், வானியலாளர். பிற்காலத்தில் கொலம்பஸின் கைக்குப் போய்ச் சேர்ந்த கடல்வழிக் கடிதம் அவர் எழுதியதுதான். அவருக்கு ஆல்பெர்த்தி சொன்னது இது: மருத்துவர்கள் நோய்க்குக் கசப்பான மருந்து கொடுக்கிறீர்கள், மனத்தின் நோய்க்கு நான் சிரிப்பைக் கொடுத்துப் பார்க்கிறேன்.

மறுமலர்ச்சிக் கால எழுத்தாளர்களின் நகைச்சுவையைப் பற்றிப் பேசும்போது இந்த வரியைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகச் சிரிக்கவில்லை. பயத்தோடு இருந்தவர்கள், பயத்தை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதற்காகச் சிரித்தார்கள். அறம், அதிர்ஷ்டம், அச்சம், நல்ல எழுத்து என்று நாலு தலைப்பாகத் தெரிபவை அவர்களுக்கு ஒரே விஷயம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நான் அறத்தேவி என்று எழுதினேன். லத்தீனில் அவள் பெயர் விர்தூஸ், இத்தாலியில் விர்தூ. ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய 'அறம்' அதில் பாதிதான். மீதிப் பாதி திறமை, துணிவு, காரியத்தை முடிக்கும் வலு. ஒரு தளபதிக்கும் விர்தூ உண்டு, சிற்பிக்கும் உண்டு, ஒரு மூலிகைக்கும்கூட உண்டு. அதிர்ஷ்டம் என்று நான் சொன்னதோ ஃபோர்த்தூனா. அவளை நம்முடைய ஊழோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊழுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, முன்செய்த வினை இருக்கிறது. ஃபோர்த்தூனாவிடம் கணக்கே கிடையாது. சக்கரத்தைச் சுற்றுவாள், மேலே இருந்தவன் கீழே வருவான், ஏன் என்று கேட்க முடியாது. அந்த வியாபாரக் காலத்தில் அவள் கையில் சக்கரத்துக்குப் பதிலாகப் பாய்மரத்துணியும் வந்தது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவனுக்குக் காற்றுதானே அதிர்ஷ்டம்? சாந்தா மரியா நொவெல்லா முகப்புக்குப் பணம் கொடுத்த வணிகர் ஜொவான்னி ருச்செல்லாய். அவருடைய சின்னம் காற்று நிறைந்த பாய். இன்றும் அந்தத் தேவாலயத்தின் முகப்பில் வரிசையாகப் பாய்கள் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

ஆல்பெர்த்தியின் கதை வெகுகாலம் நிலைத்தது. பழைய கிரேக்க நையாண்டி எழுத்தாளர் லூசியன் எழுதியதென்றே பலர் நம்பினார்கள். சுமார் 1524இல் ஃபெராரா நகரத்து ஓவியர் தோஸ்ஸோ தோஸ்ஸி அதைப் படமாக வரைந்தார். போலந்தின் கிராகோவ் நகரில் வாவெல் கோட்டையில் இப்போது இருக்கிறது. ஜூபிடர் ஓவியச்சட்டத்தின் முன் உட்கார்ந்து, கையில் தூரிகையோடு, ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியாக வரைந்துகொண்டிருக்கிறார். அவர் முகத்தில் அவ்வளவு கவனம். பின்னால் மெர்க்குரி உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்கிறான். பூமாலை அணிந்த பெண்ணொருத்தி மண்டியிட்டு ஏதோ சொல்ல வருகிறாள். அவளுடைய முறையீடு படத்தில் கேட்காது. ஆனால் தூரிகை பிடித்த அந்தக் கை எனக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஓவியர் கடவுளைக் குறை சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு பூச்சியின் சிறகைச் சரியாக வரைவதும் பெரிய வேலைதான் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அதிர்ஷ்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பது அதற்கு முன்பே பழகிய கேள்வி. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1366இல் இதற்கென்றே ஒரு பெரிய நூலை முடித்தார். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உரையாடல்கள். ஒரு பக்கம் பகுத்தறிவு, மறுபக்கம் மகிழ்ச்சி, நம்பிக்கை, துயரம், அச்சம் என்று நால்வர். பதவி இழப்பு முதல் பல்வலி, சொறிசிரங்கு வரை எல்லாவற்றுக்கும் அதில் மருந்துண்டு. அந்த நால்வரும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'எனக்குப் பயமாக இருக்கிறது'. பகுத்தறிவு பக்கம் பக்கமாகப் பதில் சொல்லும். படிக்கும்போது சலிப்பு வரும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் உண்மையில் அப்படித்தான் பேசும். அதற்கு வாதம் தெரியாது, ஒரே வாக்கியம்தான் தெரியும். நூலின் மையக் கருத்தும் விநோதமானது: கெட்ட காலத்தைத் தாங்குவதைவிட நல்ல காலத்தைத் தாங்குவதுதான் கடினம்.

நிக்கொலோ மாக்கியவெல்லி இந்தச் சக்கரத்தில் நேராகவே சிக்கினார். 1498இல், 29 வயதில், பிளாரன்ஸ் குடியரசின் இரண்டாம் செயலகத்துக்குத் தலைவரானார். பதினான்கு வருஷம் தூது போனார், படை திரட்டினார், அறிக்கை எழுதினார். 1512இல் ஊரை முன்பு ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பி வந்தது, வேலை போயிற்று. 1513 பிப்ரவரியில், மெடிச்சிக்கு எதிரான சதிகாரர்கள் இருவரிடம் சிக்கிய பட்டியலில் அவர் பெயரும் இருந்ததால் சிறையில் போட்டார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, கயிற்றில் மேலே இழுத்து, சட்டென்று கீழே விடுவார்கள். தோள்மூட்டு கழன்றுவிடும். அவரை ஆறு முறை அப்படி விட்டார்கள்.

அந்தச் சிறையிலிருந்து அவர் என்ன எழுதினார் தெரியுமா? ஜூலியானோ தெ மெடிச்சிக்கு ஒரு கவிதை. என் காலில் விலங்கு, தோளில் ஆறு இழுப்பு, சுவரெல்லாம் பேன், ஒவ்வொன்றும் வண்ணத்துப்பூச்சி அளவுக்குக் கொழுத்திருக்கிறது என்று எழுதினார். ஆல்பெர்த்தியின் வண்ணத்துப்பூச்சியை மனத்தில் வைத்து எழுதினாரா என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த நாளிலிருந்து எனக்கு அவை பிரிவதில்லை. மேலே கடவுள் சிறகுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருக்கிறார், கீழே ஒருவன் பேனைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி என்கிறான். மார்ச்சில் புதிய போப்பாண்டவர் தேர்வான கொண்டாட்டத்தில் அவரை விடுதலை செய்தார்கள். நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் துன்பத்தை நான் தாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கே என்மேல் பிரியம் வந்துவிட்டது என்றார். தற்பெருமை மாதிரித் தெரியும். ஆறு முறை கயிற்றில் தொங்கியவன் சொன்னால் அது தற்பெருமை இல்லை.

பிறகு ஊருக்கு வெளியே சாந்த் அந்திரேயா என்ற சிற்றூரில் இருந்த பண்ணைவீட்டுக்குப் போனார். அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று 1513 டிசம்பர் 10ஆம் தேதி வெத்தோரிக்கு எழுதினார். உலகத்தின் மிகச் சிறந்த கடிதங்களில் ஒன்று அது. விடியுமுன் எழுந்து, பறவை பிடிக்கும் பசைக்குச்சிகளைச் செய்து, கூண்டுகளை முதுகில் சுமந்து போவாராம். குறைந்தது இரண்டு, அதிகம் போனால் ஆறு பூங்குருவி கிடைக்கும். விறகுவெட்டிகளோடு தகராறு. ஊற்றங்கரையில் உட்கார்ந்து தாந்தேயோ பெட்ரார்க்கோ படிப்பு. மத்தியானம் சத்திரத்தில் சத்திரக்காரன், கசாப்புக்காரன், மாவு மில்காரன், காளவாய்க்காரர் இருவரோடு சீட்டும் தாயமும். ஒரு சல்லிக்காகச் சண்டை போட்டு, அவர்கள் கத்துவது பக்கத்து ஊர் வரைக்கும் கேட்குமாம். அதிர்ஷ்டதேவி என்னை இப்படி மிதிக்கிறாளே, அவளுக்கே வெட்கம் வருகிறதா பார்ப்போம் என்கிறார்.

சாயங்காலம் வீடு திரும்புவார். வாசலிலேயே சேறு படிந்த அன்றாட உடையைக் கழற்றிவிட்டு, அரசவைக்குப் போகிற உடையை உடுத்திக்கொண்டு படிப்பறைக்குள் நுழைவார். அங்கே பழங்காலத்து மனிதர்கள் அவரை அன்போடு வரவேற்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர்களிடம் கேட்கிறார், அவர்களும் பதில் சொல்கிறார்கள். நாலு மணி நேரம் எனக்கு அலுப்பு இல்லை, கவலை மறந்துபோகிறது, வறுமைக்குப் பயமில்லை, சாவும் என்னைக் கலக்குவதில்லை என்று எழுதுகிறார். அந்த மாலைகளில் பிறந்ததுதான் 'இளவரசன்' என்ற நூல். அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1532இல்தான் அச்சேறியது.

அதன் 25ஆம் இயலில் அதிர்ஷ்டம் பற்றி வருகிறது. நம் செயல்களில் பாதி அவள் கையில், மறுபாதியை, அல்லது ஏறக்குறைய அவ்வளவை, நம்மிடம் விட்டுவைக்கிறாள் என்கிறார். அவளை வெள்ளம் வந்த ஆற்றோடு ஒப்பிடுகிறார். வெள்ளம் வரும்போது எல்லோரும் ஓடத்தான் வேண்டும். ஆனால் வெள்ளம் வராத நாளில் கரை கட்டலாம், வாய்க்கால் வெட்டலாம். கரையில்லாத இடம் பார்த்துத்தான் ஆறு பாயும். அப்படிக் கரை கட்டுகிற கைதான் விர்தூ. இத்தாலிக்கு அந்தக் கரைகள் இல்லை என்பது அவர் வருத்தம். 1494இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததிலிருந்து நாடு அயலாருக்குத் திறந்த வயலாகிவிட்டது. இந்த இடம்வரை அவரோடு முழு மனதோடு போகிறேன். அதே இயலின் முடிவில் அதிர்ஷ்டம் ஒரு பெண், அவளை அடித்துத்தான் அடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஆற்றைப் பற்றிச் சொன்னவன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவருக்கு நல்ல பதில் சொன்னவர் அவருடைய நண்பரே. பிரான்செஸ்கோ குவிச்சார்தினி பல நகரங்களை ஆண்ட நிர்வாகி. தன் குடும்பத்துக்காகச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதிவைத்தார். 1530இல் முடித்த கடைசித் தொகுப்பில் 221 குறிப்புகள். எதற்கெடுத்தாலும் ரோமானியரை உதாரணம் காட்டுகிறார்களே, கழுதையைக் குதிரை மாதிரி ஓடச்சொல்வதுபோல் இருக்கிறது என்கிறது ஒன்று. மாக்கியவெல்லிக்கு வைத்த குத்து அது. இன்னொன்று இன்னும் ஆழமானது. எல்லாம் அறிவாலும் திறமையாலும்தான் நடக்கிறது என்று சொல்பவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உன்னிடம் இருக்கிற குணத்துக்கு மதிப்பிருக்கிற காலத்தில் நீ பிறக்க வேண்டும், அது உன் கையில் இல்லை. நிதானமே உருவானவன் நிதானம் தேவைப்படுகிற போரில் தளபதியானால் புகழ் பெறுவான். அவனே பாய்ந்தடிக்க வேண்டிய காலத்தில் பிறந்திருந்தால்? நான் இதை எத்தனையோ பேரின் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். திறமை குறைந்து அவர்கள் தோற்கவில்லை.

அச்சத்துக்கு வருவோம். மாக்கியவெல்லி என்றாலே நேசிக்கப்படுவதைவிட அஞ்சப்படுவது மேல் என்ற வாசகம்தான் எல்லோருக்கும் தெரியும். 17ஆம் இயலில் இருக்கிறது. ஆனால் அதை முழுக்கப் படிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் நல்லது, முடியாதபோதுதான் அச்சம் என்கிறார். அதற்கும் ஒரு எல்லை போடுகிறார்: வெறுப்பைச் சம்பாதிக்காதே. குடிமக்களின் சொத்தில் கைவைக்காதே, ஏனென்றால் மனிதன் தகப்பன் செத்ததைக்கூடச் சீக்கிரம் மறப்பான், தகப்பன் சொத்து போனதை மறக்கமாட்டான். மூன்று இயல் தள்ளி, மக்கள் உன்னை வெறுக்காமல் இருப்பதுதான் உனக்கிருக்கும் சிறந்த கோட்டை என்றும் சொல்கிறார். அச்சத்தை மேலிருந்து, ஆள்கிறவனின் கருவியாகப் பார்க்கும் பார்வை இது.

உள்ளிருந்து பார்த்தவர் மொந்தேன். மிஷெல் தெ மொந்தேன் 1533இல் பிரான்சின் தென்மேற்கில் பிறந்தவர். 1571இல், தன் 38ஆவது பிறந்தநாளில், நீதிமன்றப் பதவியை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கோபுரத்து நூலகத்தில் உட்கார்ந்தார். மேற்கூரை உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்தார். வெளியே கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கட்டுரைகளின் முதல் பாகத்தில் அச்சத்தைப் பற்றி இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு சின்னக் கட்டுரை உண்டு. நான் மிகவும் பயப்படுவது பயத்துக்குத்தான் என்ற வரி அதில்தான் வருகிறது.

அதில் ஒரு காட்சி. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைத் தாக்குகின்றன. மதிலைக் காக்கும் கொடிக்காரன் ஒருவன், முதல் எச்சரிக்கை ஒலி கேட்டதுமே வெலவெலத்துப்போகிறான். கையில் கொடியோடு மதிலில் இருந்த ஓட்டை வழியாகப் பாய்கிறான். நகரத்துக்குள் ஓடுவதாக நினைப்பு. ஓடியது வெளியே, நேரே எதிரியை நோக்கி. எதிர்ப்படையினர் இதைப் பார்த்து, உள்ளேயிருந்து பெரிய தாக்குதல் வருகிறது என்று எண்ணி அணிவகுக்கிறார்கள். அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. திரும்பி, வந்த ஓட்டை வழியே மறுபடி உள்ளே ஓடுகிறான். அதற்குள் வெட்டவெளியில் முந்நூறு தப்படிக்கு மேல் போய்விட்டிருந்தான்.

இந்த மனிதனைப் பார்த்து முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று தோன்றும். அவன் செய்ததை வெளியிலிருந்து பார்த்தால் மாபெரும் வீரச்செயல். தனி ஆளாய், கொடியோடு, ஒரு படைக்கெதிராக முந்நூறு தப்படி! பயமும் துணிவும் ஒரே உடம்பில் ஒரே மாதிரி ஓடும் என்பதை மொந்தேன் இதைவிட எளிமையாகக் காட்டியிருக்க முடியாது. அவர் உபதேசம் எதுவும் சொல்லவில்லை, அவனை ஓடவிட்டுத் திரும்பிவரச் செய்தார், அவ்வளவுதான்.

அவருடைய பெரிய பயம் சாவு. ஆரம்பத்தில் பழைய தத்துவவாதிகள் சொன்னபடி, சாவையே நினைத்து நினைத்துப் பழக வேண்டும் என்று எழுதினார். பிறகு ஒரு நாள் குதிரையில் போகும்போது, அவருடைய ஆள் ஒருவன் பெரிய குதிரையில் தறிகெட்டு வந்து மோதினான். பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளிப் போய் விழுந்தார். செத்துவிட்டார் என்றே தூக்கிவந்தார்கள். வழியில் ரத்தம் ரத்தமாக வாந்தி. பார்த்தவர்களுக்கு அவர் துடிப்பதாகத் தெரிந்தது. அவருக்கோ தூக்கத்துக்குள் மெல்ல வழுக்கிப் போகிற மாதிரி இதமாக இருந்ததாம். அந்த நிலையிலும், மேடுபள்ளமான பாதையில் எதிரே தடுமாறி வந்த மனைவிக்கு ஒரு குதிரை கொடுக்கச் சொன்னாராம். தான் அதைச் சொன்னதே அவருக்குத் தெரியாது. அதன்பின் அவர் எழுத்தில் சாவு பற்றிய பேச்சின் குரல் மாறுகிறது. கடைசிப் பாகத்தில், எப்படிச் சாவதென்று தெரியவில்லையா, கவலைப்படாதே, அந்த நேரத்தில் இயற்கையே முழுதாகச் சொல்லிக்கொடுக்கும் என்கிறார்.

சரி, இதில் நல்ல எழுத்து எங்கே வருகிறது? அச்சத்திலேயே வருகிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். 1528இல் அவர் ஒரு உரையாடல் நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் லத்தீன் எழுதுகிறவர்களில் ஒரு கூட்டம், சிசரோ பயன்படுத்திய சொல்லைத் தவிர வேறு சொல்லைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் உருவமாக நொசொபோனஸ் என்று ஒருவனைப் படைத்தார். ஏழு வருஷமாகச் சிசரோவைத் தவிர வேறு புத்தகம் தொடாதவன். சிசரோவின் எல்லாச் சொற்களையும், அவற்றின் எல்லா வடிவங்களையும் அகரவரிசைப்படுத்தி ஒரு அகராதி செய்திருக்கிறான். இரண்டு பலசாலிகள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். ஒரு வினைச்சொல்லின் ஒரு வடிவம் சிசரோவில் இல்லையென்றால், அந்த வடிவத்தை அவன் எழுதமாட்டான்.

அவன் எழுதும் விதத்தைக் கேளுங்கள். ஊரடங்கிய ராத்திரி. வெளிச்சத்தம் வராத உள்ளறை. கிரகநிலை பார்த்துத் தேர்ந்த நாள். வயிறு பாரமாக இருக்கக் கூடாது என்பதால் பத்துச் சின்ன உலர்திராட்சையும் சர்க்கரை பூசிய மூன்று கொத்தமல்லி விதையும் மட்டும் சாப்பாடு. பிறகு அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவான். இரவலாக வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று நண்பனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். ஒரு ராத்திரிக்கு ஒரு வாக்கியம் தேறினால் போதும் என்கிறான்.

எராஸ்மஸ் அவனை நோயாளியாகத்தான் பார்க்கிறார், பெயரிலேயே நோய் இருக்கிறது: கிரேக்கத்தில் 'நொசொஸ்' என்றால் நோய். நோய் என்னவென்று நான் சொல்வேன்: தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். கொடிக்காரன் மதில் ஓட்டையில் பாய்ந்த அதே பயம்தான், இங்கே அகராதிக்குள் பாய்கிறது. எராஸ்மஸின் மருந்து எளிமையானது. சிசரோவின் காலத்து ஆட்சி இன்றில்லை, சட்டமில்லை, மதமில்லை, உடையில்லை. எல்லாம் மாறியபின் அவர் பேசியபடியே பேசுகிறவன் அவரைப்போலப் பேசவில்லை, ஏனென்றால் சிசரோ தன் காலத்துக்குப் பொருந்தப் பேசினார். தமிழிலும் நான் இந்த நொசொபோனஸைச் சந்தித்திருக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் தன் வாயில் புழங்காத சொற்களை எடுத்து மாட்டிக்கொள்பவர்கள். அவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நடுக்கம்தான்.

அதே 1528இல் வெனிஸில் பால்தஸ்ஸாரே காஸ்திலியோனேயின் அரசவையாளர் பற்றிய நூல் வந்தது. எழுத்து என்பது வேறொன்றுமில்லை, மனிதன் பேசி முடித்த பிறகும் தங்கிநிற்கிற பேச்சு, அவ்வளவுதான் என்று அதில் ஒருவர் சொல்கிறார். மாக்கியவெல்லி தன் நூலின் சமர்ப்பணத்தில், நீண்ட தொடர்களாலும் பகட்டான சொற்களாலும் இதை நான் அலங்கரிக்கவில்லை, பொருளின் கனமே இதற்கு அழகாக இருக்கட்டும் என்றார். கயிற்றில் தொங்கிவிட்டு வந்தவருக்குப் பகட்டு எதற்கு? மொந்தேன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கட்டுரையில் சொல்வது இன்னும் நெருக்கமானது. எனக்குப் பிடித்த பேச்சு எளிமையான, இயல்பான பேச்சு, வாயில் எப்படியோ தாளிலும் அப்படி. சாறும் நரம்பும் உள்ளது, குறுகியது.

எழுத்தில் அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு என்று மொந்தேனுக்குத் தெரியும். புரோட்டோஜீனிஸ் என்ற பழைய ஓவியனின் கதையை அவர் சொல்கிறார். களைத்துப்போன நாயை வரைந்தான், எல்லாம் சரியாக வந்தது, வாயில் தள்ளும் நுரை மட்டும் வரவேயில்லை. அழித்து அழித்துப் பார்த்தான். கடைசியில் எரிச்சலில், நிறமெல்லாம் ஊறியிருந்த பஞ்சை எடுத்துப் படத்தின்மேல் வீசியெறிந்தான். பஞ்சு சரியாக நாயின் வாயில் போய்ப்பட்டது, நுரை வந்துவிட்டது. அதுவரை அழித்து அழித்து வரைந்தவனுக்குத்தான் அந்த வீச்சு வாய்த்தது. பஞ்சில் அத்தனை நிறமும் ஊறியிருந்ததே அவன் உழைப்பால்தான். மாக்கியவெல்லியின் பாதிக்குப் பாதிக் கணக்கை நான் இந்தப் பஞ்சில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

கட்டுரைகளின் முதல் இரண்டு பாகம் 1580இல் போர்தோ நகரில் அச்சாகி வந்தது. அந்த வருஷக் கடைசியில் மொந்தேன் ரோமுக்குப் போனார். நகரவாசலில் பெட்டிகளைச் சோதித்து, அவர் புத்தகங்களைத் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், அவர் எழுதியதும் அதில் சேர்த்தி. மூன்று மாதத்துக்கும் மேலாகி, 1581 மார்ச்சில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தணிக்கை அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது, ஒரு பிரெஞ்சுத் துறவி படித்துச் சொன்னதை வைத்துக் குறைகள் சொன்னார். அவற்றில் ஒன்று: 'ஃபோர்த்தூன்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கிறிஸ்தவன் கடவுளின் சித்தம் என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆனால் அதிகாரி நயமானவர். உங்கள் மனசாட்சிக்குத் தவறென்று பட்டதை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

மொந்தேன் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் அது அப்படியே நின்றது. பின்னாளில் பிரார்த்தனை பற்றிய கட்டுரையில் காரணமும் சேர்த்தார். தெய்வத்தின் பேச்சுக்கு அதற்குரிய உயரம் உண்டு, மனிதனின் பேச்சு அதைவிடத் தாழ்ந்தது, அதைத் தாழ்ந்ததாகவே இருக்கவிடுகிறேன். ஆகவே அதிர்ஷ்டம், விதி, தற்செயல், நல்லகாலம், கெட்டகாலம் என்று மனிதர்கள் சொல்கிறபடியே அது சொல்லட்டும்.

அதே ரோம், அதே வசந்தகாலத்தில், அவருக்கு ரோமானியக் குடியுரிமையும் கொடுத்தது. முத்திரையும் பொன்னெழுத்தும் உள்ள பட்டயம். அதற்காக அவர் ஐம்புலனையும் செலவழித்து முயன்றதாக அவரே சொல்கிறார். 1588இல் வந்த மூன்றாம் பாகத்தில் அந்தப் பட்டயத்தின் முழு வாசகத்தையும் அச்சிட்டார். அது தனக்குக் கிடைத்ததற்கு யாரைக் காரணம் சொன்னார் என்று தேடிப் பார்த்தேன். ஃபோர்த்தூன் எனக்குத் தந்த வெற்று உபகாரங்களில் இதைப்போல என் பேதை மனத்துக்குப் பிடித்தது வேறில்லை என்று எழுதியிருக்கிறார்.